ஒற்றுப் பிழைகூட இல்லாத மின்னஞ்சல்

மார்ச் 4

இன்றும் வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல். 'அன்புள்ள வாடிக்கயாளரே, உங்கள் கனக்கு முடக்கபடும்.' ஒரே வரியில் மூன்று பிழை. பதிப்பகத்தில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறவளிடம் வந்து ஏமாற்றப் பார்க்கிறான். திருத்தித் திருப்பி அனுப்பலாமா? பாவம், பிழைத்துப் போகட்டும்.

மார்ச் 9

தங்கை தன் பேக்கரியிலிருந்து போன் செய்தாள். "அக்கா, பேங்க்லேருந்து மெயில் வந்திருக்கு. நிஜமான்னு தெரியல. நேர்லயே போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"ஏன்டி, படிச்சாலே தெரியாதா?"

கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கேட்டிருக்கிறாள். போலியாம். அதைத்தானே நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

மார்ச் 17

வங்கியிலிருந்து மின்னஞ்சல். மாலை ஆறு மணிக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் தங்கையும் நானும் வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு முடங்குமாம். அருமையான தமிழ். ஒரு ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. புதுப்பித்துவிட்டேன்.

அதே நாள், ஐந்து மணி

போச்சு. ஓடிபி போட்ட ரெண்டாவது நிமிஷமே மொத்தமும் போச்சு. பேக்கரிக்குப் புது அடுப்பு வாங்கணும்னு அவ சேர்த்து வெச்சது— இப்போதான் பார்க்கிறேன், அனுப்பியவன் முகவரியில், வங்கியின் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். பிழை திருத்துகிறவளாம். தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 18

நேற்றே சொல்லிவிட்டேன். "பேங்க்குக்குப் போன் பண்ணியா?" என்றுதான் முதலில் கேட்டாள். எங்கே? நான் அழுதுகொண்டிருந்தேன். "கார்டுக்குப் பின்னாடி நம்பர் இருக்கு, அக்கா. அழறத அப்புறம் வெச்சுக்கலாம்."

உடனே போன் செய்ததில் பாதிப் பணத்தைத் தடுத்துவிட்டார்களாம். மீதிக்குப் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு புகார் எண். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

மார்ச் 20

அவள் திட்டவே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 2

போலி மின்னஞ்சல்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பதிப்பகத்தில் எல்லோருக்கும் நான் விளக்க வேண்டுமாம். மேலாளருக்கு என் மேல் அப்படி ஒரு மதிப்பு.

"பிழை இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க, முகவரிய எழுத்தெழுத்தா பாருங்க. அவசரப்படுத்தினா சந்தேகப்படுங்க. அதுல இருக்கிற லிங்க்கைத் தொடாதீங்க" என்றேன்.

"இவ்வளவு எப்படித் தெரியும்?" என்றார் மேலாளர்.

"நான் ஏமாந்தேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்த கணக்காளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நானும்தான் மேடம்... போன மாசம்."

வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். சாப்பாட்டு நேரம் வந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.