காசியில் விட்ட பால்

ஜூன் 10, திங்கள்
இடது காலிலிருந்து செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வாசலிலிருந்து அடுக்களைவரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். பாதம் மரத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்பத்தாறு ஆச்சுல்லா, பின்ன என்ன?" என்றார், பேப்பரை மடக்காமலே. அவருக்கு முட்டு வலித்தால் மட்டும் ஊரே கூட வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி
வேலையில் பெரிய தப்பு. பிரஷர் மாத்திரை கேட்டவருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்து நீட்டினேன். பார்மசிஸ்ட் ரதீஷ் சட்டென்று கையைப் பிடித்தான். "சேச்சி, இது என்னது?" பதினோரு வருஷமாக இந்த மெடிக்கல் ஸ்டோரில் நிற்கிறேன். இப்படி ஒருநாளும் ஆனதில்லை. நாக்கு வேறு எரிகிறது.

அம்மாவுக்கும் மறதியில்தான் ஆரம்பித்தது. கடைசியில் என் பெயர்கூட அவளுக்கு— கடவுளே, எனக்குமா?

ஜூன் 15
எழுத ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.

ஜூன் 19, புதன்
ரதீஷ் விடாமல் சொல்லி டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தத்தில் பி12 ரொம்பக் குறைவாம். "சைவம் அல்லே? பாலும் தயிருமாவது நல்லா சாப்பிடணும்" என்றார்.

மூன்று வருஷம் முன்பு காசிக்குப் போனபோது எல்லாரும் ஒரு காயும் ஒரு பழமும் விட்டார்கள். கத்தரிக்காயை விட்டால் சாமிக்கு என்ன வந்தது? நான் பாலை விட்டேன். தயிர், மோர், நெய், எல்லாம். கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளையில்லாமல் இருந்த என் மகள் நீதுவுக்காக. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். இந்த நேரத்திலா தொடுவேன்?

கடைசியில் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. ஊசி போட்டால் எனக்குச் சரியாகிவிடுமாம். நாள் முழுக்க பி12 மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். வெட்கக்கேடு.

ஜூலை 3, புதன்
கால் தரையை உணர்கிறது. மனசுதான் தெளியவில்லை. நான் விட்டதால் பிள்ளை வந்ததா, அவள் பார்த்த வைத்தியத்தாலா?

ஜூலை 7, ஞாயிறு
பஸ் பிடித்து, கழக்கூட்டம் ஊரில் இருக்கும் நீது வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை ஹரிகுமார் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அத்தை, அவ ரெண்டு மாசமா பாலு தயிரு ஒண்ணும் தொடல."

நேராகப் போய்க் கேட்டேன்.

"எனக்காக நீ வாயக் கட்டிட்டு கெடக்க, நான் மட்டும் குடிக்கணுமா? பிரசவம் வரைக்கும் நானும் விட்டாச்சு."

அடிப்பாவி மகளே! முட்டையும் தொடமாட்டாய், பாலும் வேண்டாம் என்றால் வயிற்றில் கிடக்கிறது எதைத் தின்னும்? கத்தினேன். அவளும் கத்தினாள். "நீ குடி, நான் குடிக்கேன்."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 8
தொட்டால் தெய்வக்குத்தம். தொடாவிட்டால் அந்தப் பிஞ்சுக்குக் கேடு. யாரிடம் கேட்க? "நேர்ந்தது நீ, நீயே பாத்துக்கோ" என்கிறார் இவர். நல்ல மனுஷன்!

ஜூலை 10, புதன்
நீது வீட்டில் இருக்கிறேன். ஹரிகுமார்தான் பால் காய்ச்சினார். 'தண்டனை எதுவானாலும் எனக்கு மட்டும் கொடு' என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தேன். திறந்தபோது நீது தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தது சரியா? இன்னும் தெரியவில்லை. காலையில் மறுபடியும் குடிக்க வேண்டுமாம், அவள் பார்க்க.