கதையில் அவள் திரும்பவில்லை

பம்பாய்,
12-11-1979

அன்புள்ள அப்பாவுக்கு, சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம், ஆஸ்பத்திரி நர்ஸ் விடுதிச் சாப்பாடும் பழகிவிட்டது.

நாமக்கல்லில் நீங்கள் பார்த்துவிட்டுக் கடிதத்தில் மெச்சி எழுதிய படம் இங்கும் ஞாயிறு காலைக் காட்சியாக வந்தது. அந்தக் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது, அப்பனை எதிர்த்துப் படிக்கப் போன அந்தப் பெண் திரும்பவே மாட்டாள். படத்தில் திரும்பி வந்து அவர் காலில் விழுகிறாள். கதை படித்த பிள்ளைகள் "அவளைக் கொன்னுட்டாங்க" என்று கத்தினார்கள். படிக்காத பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது காலில் விழும் ஒரு மகள், கிடைத்துவிட்டாள்.

என் அறையில் தங்கியிருக்கும் வாழப்பாடி நர்ஸ் குஞ்சம்மாளும் அழுதாள். "எங்கப்பாவ ஒரு தடவ பாக்கணும் சௌந்திரம்" என்றாள்.

"உங்கப்பன் இதுவரைக்கும் ஒரு கடுதாசி போட்டாரா? நீ அழுதா வந்துருவாரா?" என்று கேட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இந்த ஆஸ்பத்திரியில் தமிழ் பேச அவளை விட்டால் ஆளில்லை.

அம்மாவை அரப்புத்தூள் அனுப்பச் சொல்லுங்கள். சோப்புப் போட்டு முடி கொட்டுகிறது. இரண்டு பொட்டலமாகக் கட்டட்டும், ஒன்று குஞ்சம்மாளுக்கு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. 'படத்துப் புள்ளையாட்டம் பொங்கலுக்கு வந்து சேரு சாமி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதையை வாராவாரம் எனக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் நீங்கள். அதைக் கேட்டுத்தான், நீங்கள் தடுத்தும் ரயிலேறினேன். முடிவையும் நீங்கள்தான் அப்பா படித்தீர்கள்.

சௌந்திரம்