எழாத மேடு

மார்ச் 4
"சாராயத்தைக் குளிர வெச்சு என்னம்மா பாக்கறே?" என்று அத்தை இன்றைக்கும் கேட்டார். சொன்னேன்: ஆல்கஹால் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கை கோத்துச் சங்கிலியாக நிற்கும். கண்ணாடியாக இறுகும் முன், அந்தச் சங்கிலி புரண்டு திரும்ப வெகுநேரமாகும். மின்புலம் கொடுத்து அளந்தால் வரைபடத்தில் பெரிய மேடாகத் தெரியும்.

இன்று அளந்த ஆல்கஹாலில் அந்த மேடு இல்லை. சங்கிலிக்குப் பதில் வளையமாகக் கோத்திருக்குமோ? வளையத்தில் ஒன்றின் இழுப்பை இன்னொன்று சரிக்கட்டிவிடும்; மேடு எழாது.

மார்ச் 5
வளையமாக இருக்கலாம் என்று என் பிஎச்.டி. கைடிடம் சொன்னேன். அவர் வரைபடத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி கலந்திருக்கு. கவனமா பண்ணு."
நானா கவனமில்லாதவள்? சீனியர் குடுவையைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனபோது இந்த வாய் எங்கே போனது?

மார்ச் 12
உலர்த்தி, மறுபடி அளந்தேன். மேடு இல்லை.

மார்ச் 13
கைடிடம் காட்டினேன். "அப்ப அதை விட்டுடு. மத்ததெல்லாம் நம்ம கொள்கைக்கு அழகா ஒத்து வருதே."
நம்ம கொள்கையாம். எல்லா ஆல்கஹாலும் சங்கிலிதான்கறது அவரோட கொள்கை. ஒத்து வராததைத் தூக்கிப் போடறதுன்னா அப்புறம் எதுக்கு அளக்கறோம்?

மார்ச் 20
அந்த அளவை விட்டுவிட்டு ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டில் இவர், "மூணு வருஷ உழைப்பு, யோசிச்சியா?" என்றார். யோசிக்காமலா? பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். கோபத்தில்தான்.

மே 9
காரிடாரில் எதிரே வந்தால் கைடு சுவரைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஜூன் 2
கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நான் அளந்த அதே வகை ஆல்கஹாலை ஏன் சேர்க்கவில்லை என்று மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார். கைடு என் மேசைக்கே வந்தார்.
"அந்த டேட்டா இருக்கா?"
"தண்ணி கலந்ததுன்னீங்களே சார்."
மதிப்பாய்வாளரின் கடிதத்தை என் முன்னால் வைத்தார்.
"புதுசா அளக்கலாம். நீங்களும் கூட இருங்க" என்றேன்.

ஜூன் 4
உலர்த்தியதிலிருந்து கூடவே இருந்தார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மேடு எழ வேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது. "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றார். பார்த்தோம்.
மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கும் ஆறவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.
"வளையம்னு எதை வெச்சு சொல்றே?"
மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சொல்ல ஆரம்பித்தேன்.