பங்கஜம் போகாத இடமில்லை

கொழிஞ்சாம்பாறை,
நவம்பர், 1977.

அன்புள்ள அம்மணி ராசம்மாளுக்கு,

பெற்ற மகளிடம் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். இங்கே அம்மா, மாடு கன்று, நிலக்கடலை எல்லாம் சுகம். பம்பாயில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை அவளுக்குப் படித்துச் சொல்வது நான்தான், அது உனக்குத் தெரிந்திருக்காது.

உன் மேல் இருந்த கோபத்தைவிட அந்தப் பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். மாரியம்மன் நோன்புத் திருவிழா மேடையில் உன் வீட்டுக்காரர் 'கொஞ்சம் பொறு பங்கஜம்' என்று பாடினார், நீ கொஞ்சமும் பொறுக்காமல் அடுத்த மாதமே அவரோடு ரயிலேறிவிட்டாய். அந்தக் கச்சேரிக்காரர்களைக் கூட்டி வந்தவன் உன் தாய்மாமன் குப்பண்ணன் என்பதை நான் மறக்கவில்லை. பாட்டையாவது மறக்கலாம் என்றால் ஊர் விடுவதாக இல்லை. வாளையார் செக்போஸ்டில் நிற்கிற லாரிகளில் பாதிக்கு முதுகில் அதே வரிதான். கடலை மூட்டைகளோடு அங்கே வெயில் சாயும்வரை நின்று, ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டேன். முன் வண்டிக் கிளீனர், "ஏனுங்க, படிச்சவருங்கதான? அத வாசிச்சுப் பாருங்க" என்று தன் லாரியின் பின்பக்கத்தைக் காட்டினான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேட்டால் பாட்டாகவே பதில் வருகிறது. கோயமுத்தூர் ஜவுளிக்கடையில் பங்கஜம் சேலை வந்திருக்கிறது, உன் அம்மாவும் ஒன்று வாங்கி, அந்தச் சேலையின் பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக் கட்டுகிறாள். தேர்தலில் தோற்றவர் வீட்டுச் சுவரில் 'கொஞ்சம் பொறு, அஞ்சு வருசம்' என்று சுண்ணாம்பில் எழுதிவிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு வந்த மலையாள நாடகக்காரர்கள்கூட, அடுத்த பிள்ளைக்குக் கொஞ்சம் பொறு என்று பங்கஜத்துக்கு அதே மெட்டில் புத்தி சொன்னார்கள். கூட்டம் மறுபடி பாடச் சொல்லிக் கைதட்டியது.

இதெல்லாம் தாங்கிக்கொண்டேன். குப்பண்ணன் புது டிராக்டர் வாங்கி, டிரெய்லரில் அந்த வரியைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி, தினமும் நம் வாசல் வழியாகவே ஓட்டுகிறான். போன வெள்ளிக்கிழமை வண்டியை நிறுத்தி உன் அம்மாவிடம், "ஏக்கா, புள்ளைக்கு ஏழாம் மாசம் நடக்குது. மச்சான் அவரு கோவத்தப் பரண்மேல வெச்சுப் பூட்டிக்கட்டும். மொதப் பிரசவம் என் ஊட்ல நடக்கட்டும், நானே பம்பாய் போயிக் கூட்டியாறன்" என்றான். நான் உள்ளே இருப்பது தெரிந்துதான் அவ்வளவு சத்தம். உன் அம்மா மறுப்பாள் என்று பார்த்தால், "அப்படியே பண்ணு சாமி, இந்த மனுசன நம்பி நானும் எத்தன நாள் பொறுக்கறது" என்கிறாள்.

என் வரப்பை ஒரு முழம் உள்ளே தள்ளி வெட்டியவன் வீட்டில் என் பேரப்பிள்ளை முதல் அழுகை அழ வேண்டாம். எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் பயணம் ஆகாது என்று சொல்லிவிடுவாள் உன் அம்மா, அதனால் இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர். தென்புற அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஒலவக்கோடு ஸ்டேஷனுக்கு நானே வருவேன். உன் வீட்டுக்காரரும் வரலாம், பாடக் கூடாது. பெண் பிறந்தால் பங்கஜம் என்று பேர் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. நம் தெருவில் மட்டும் மூன்று பங்கஜங்கள் தவழ்கின்றன, காளிச்சாமியின் எருமைக் கன்றையும் சேர்த்தால் நாலு. ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு, வழியில் கண்டதைத் தின்னாதே. குப்பண்ணன் அங்கே வந்து நின்றால் காப்பி கொடு, கூடப் புறப்பட்டுவிடாதே. மாரியாத்தா உங்கள் இரண்டு உயிரையும் காப்பாள்.

இன்னும் ஒன்று. நீ போன அந்த வாரம், சொந்தபந்தம் நிறைந்த ஒரு கல்யாணப் பந்தியில், என் கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒன்று இனி அவளுக்குப் போகாது என்று குப்பண்ணன் காது கேட்கச் சொல்லிவிட்டேன். நான் எப்போது அந்தப் பேச்சு மாறுவேன், எப்போது சிரிக்கலாம் என்று அவன் காத்திருக்கிறான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க மாட்டேன். இது யார் எழுத்து என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கீழே என் பேர் போடாமல், அனுப்புநர் இடத்தையும் வெறுமனே விட்டு, இப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன்.