கண்மூடாத வீடு

என் மூத்தவளுக்கு,

எல்லையில் கூட்டத்தில் பிரிந்துபோன நீ எந்த முகாமில் இருக்கிறாய் என்று தெரிந்ததும் இதை அனுப்புவேன்.

நாங்கள் நலம். அப்பாவுக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. இங்கே வந்ததிலிருந்து பூட்ஸைக் கழற்றாமலே படுக்கிறார். பாதம் புண்ணாகிவிடவே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் கழட்ட மாட்டேங்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"திடீர்னு ஓட வேண்டியிருந்தா?" என்றார் அப்பா.

டாக்டரே குனிந்து கழற்றினார். அப்பா வாய்விட்டு அழுதார்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, "கண்ணு ஏம்மா இப்படி செவந்திருக்கு? நீங்க தூங்கறீங்களா?" என்றார்.

"ரெண்டு பேரும் கண்ண மூடிட்டா எப்படி டாக்டர்?" என்றேன்.

எனக்குத் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்து கதவைத் தட்டும்போது எனக்குக் கேட்க வேண்டுமே.

உன் அம்மா