வெட்டிய அரை நிமிடம்

பலாங்கொடையில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து ஹோட்டல் டிவியில் கூடை மாட்டிய ஒரு பெண் வந்தாள். "கொழுந்து பறிக்கச் செல்கிறேன், ஐயா" என்றாள், செய்தி வாசிப்பதுபோல. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது.

அதே சேனலின் நகைச்சுவை நாடகத்தில் நீயும் கொழுந்து பறிக்கிறவளாக நடித்தாய். வீட்டில் பேசுவதுபோலவே பேசினாய். தோட்டத் துரையின் மனைவி உன்னைத் திட்ட, நீ தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் அரை நிமிடத்தை யாரோ வெட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். "நம்மள வச்சு சிரிக்கிறானுங்க" என்று தோட்டமே கொதித்தது. சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். "நீதான் புள்ள நல்லா எழுதுவ."

நாடகத்தை முழுதாகப் பார்க்காமலே சேனலுக்குக் கண்டனக் கடிதம் எழுதினேன். உனக்காகவும்தான் எழுதுகிறேன் என்று நினைத்தேன். தோட்ட மக்களின் பேச்சை இனி எந்த நிகழ்ச்சியிலும் சிரிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு வரி.

காலைப் பிரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கையில், தாள் கைமாறியது. தலைவர் நீட்டும் தாளை அங்கே யாரும் வாசிப்பதில்லை. உன் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்.

சேனல் மன்னிப்புக் கேட்டது. என் வரியையே விதியாக்கியது. நல்ல தமிழில் பேசினால் நீ நாடகத்தில் இருக்கலாம் என்றார்களாம். உனக்கு அது வாயில் வரவில்லை. பையோடு வந்து இறங்கினாய்.

"எங்கம்மாவே சைன் வச்சிருக்குடி! அதைக் காட்டித்தான் அனுப்புனானுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு, "லெட்டர் யாருடி எழுதுனா? அங்க எல்லாரும் மெச்சுனாங்க."

"தலைவராத்தான் இருக்கும்."

"அந்தாளா? லீவு லெட்டரே எழுதத் தெரியாதே அந்தாளுக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்கு உனக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

நீ போன பிறகுதான் அந்த நாடகத்தை முழுதாகப் பார்த்தேன். அழுகை வரவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். ஃபேஸ்புக்கில் வெட்டிய இடத்துக்கு அடுத்த நொடியில் நீ தலையை நிமிர்த்துகிறாய். "பேசி முடிச்சிட்டீங்களா, தொரசாணி? இப்ப நாங்க பேசுறோம்."

மூன்று நிமிடம் பேசுகிறாய். துரையின் பங்களாவில் யாரும் சிரிக்கவில்லை. அந்த மூன்று நிமிடமும் எனக்கு மனப்பாடம். ஒரு தடவைகூடச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததில்லை.