கப்பலேறிய காய்ச்சல்

9 மார்ச் 2015, இரவு. மின்னி பே.

காலையில் எங்கள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த ஆராய்ச்சியாளர் ஒளிக்காமல் சொன்னார். மலேரியாக் கிருமியில் ஒரு வகை, காய்ச்சல் தணிந்த பிறகும் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும். எந்த மரபணு அதை உறங்க வைக்கிறது, எது எழுப்புகிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. உறங்குவதைக் கொல்ல மாத்திரை உண்டு. கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது.

மதியம் ஃபீனிக்ஸ் பே கப்பல் துறையில் மல்லிகாவைப் பார்த்தேன். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். முதல் கருவைக் காய்ச்சலில் இழந்தாள். இப்போது ஆறு மாதம். போன மாதமும் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. பிரசவம்வரை வடக்கே வேறொரு தீவில், ரங்கத்தில், அக்கா வீட்டில் இருக்கப் போகிறாள்.

“காய்ச்ச கச்சாலோட போச்சு அண்ணே. இந்தப் புள்ள தங்கிரும்.”

“கொசுவுக்கு யாரு டிக்கெட் குடுப்பா?” என்று சிரித்தான் பக்கத்தில் நின்ற அவள் புருஷன்.

தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தீவை மாற்றினால் காய்ச்சல் விட்டுவிடுமாம். அது உன்னோடுதான் கப்பலேறுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எப்போது எழும் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

“உடம்பு சுட்டா அன்னைக்கே ரத்தம் பாத்துரும்மா,” என்றேன்.

“அதான் வராதுன்றேனே. தோட்டத்து டாக்டர் சாப் மாதிரியே பயங்காட்டுறீங்க.”

கப்பல் நகர்ந்தபோது கையசைத்தாள். பிறகு, அந்த வெயிலில், குளிரில் போர்த்துவதுபோல முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

காற்றே இல்லை.